சித்திரை வெயிலில் சாப்பாடு கெடாமலும் வீணாகாமலும் பார்த்துக்கொள்வது எப்படி: கொங்குச் சமையலறைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஈரோடு, கரூர், பரமத்தி பக்கம் ஏப்ரல், மே மாதங்களில் வெயில் 40 டிகிரியைத் தொட்டுவிடும். தகரக் கூரை வீட்டிலும் மொட்டைமாடிக்கு நேர் கீழே இருக்கும் வீட்டிலும் அடுப்பு எரியும்போது சமையலறையும் அதற்குச் சளைக்காது. காலையில் வைத்த சாம்பார் மதியம் நுரைக்கிறது, ராத்திரி அரைத்த மாவு விடிவதற்குள் பொங்கி மேடையில் வழிகிறது. உடனே பழி ஃபிரிட்ஜ் மேல்தான் விழும். உண்மையில் அடுப்பை விட்டு இறக்கியதற்கும் ஃபிரிட்ஜுக்குள் வைப்பதற்கும் இடையில் போகிற இரண்டு மணி நேரம்தான் பாதிக் காரியத்தைக் கெடுக்கிறது. மீதிப் பாதியைக் கெடுப்பது ஈரம்.

கீழே உள்ள வரிசையிலேயே செய்யுங்கள். ஃபிரிட்ஜைச் சரிசெய்யாமல் சந்தைக்குப் போனாலோ, காய் பிரிக்காமல் சமைக்க உட்கார்ந்தாலோ பின்னால் எடுக்கும் மெனக்கெடல் வீண்.

1. முன்கூட்டித் தேவையானவை

பெரிய செலவு எதுவும் இல்லை. ஃபிரிட்ஜுக்குள் வைக்கும் சின்னத் தெர்மாமீட்டர் ஒன்று, அகலமான தட்டையான போசி (பாத்திரம்) இரண்டு, அது உள்ளே உட்காரும் அளவுக்கு ஒரு பெரிய தாம்பாளமோ பேசினோ, பழைய பருத்தி வேட்டித் துணி, மூடி இறுக்கமான டப்பாக்கள் ஆறேழு, ஒட்டுவதற்குக் காகித டேப், ஒரு பேனா. தண்ணீர் நிரப்பி உறைய வைத்த ஒரு லிட்டர் பாட்டில் நான்கு ஃப்ரீசரில் எப்போதும் இருக்கட்டும். ஆற வைக்கவும் கரண்ட் போகும்போதும் இவைதான் கைகொடுக்கும்.

2. ஃபிரிட்ஜைச் சோதியுங்கள்

ஒரு டம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரைப் போட்டு நடுத்தட்டில் ராத்திரி முழுக்க வையுங்கள். காலையில் 5 டிகிரிக்குள் காட்ட வேண்டும். கதவு திறந்ததும் சில்லென்று முகத்தில் அடிக்கிறதே என்று நம்ப வேண்டாம். 10 டிகிரியில் இருந்தாலும் அப்படித்தான் அடிக்கும்.

கூடுதலாகக் காட்டினால் முதலில் குமிழைப் பாருங்கள். பெரும்பாலான ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜில் எண் கூடினால் குளிரும் கூடும். மார்கழியில் 1-இல் வைத்துவிட்டுச் சித்திரையிலும் அப்படியே ஓட்டுவது எல்லா வீட்டிலும் நடக்கும் தப்பு. அடுத்தது கதவு ரப்பர். ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுங்கள். தடையில்லாமல் வந்தால் ரப்பர் தளர்ந்துவிட்டது. பின்பக்கம் சுவரிலிருந்து ஒரு சாண் இடைவெளி இருக்கட்டும். மேற்கு வெயில் வாங்கும் சுவர் என்றால் இடத்தையே மாற்றுங்கள், ஏனென்றால் ஃபிரிட்ஜ் உள்ளிருக்கும் சூட்டை எடுத்து அந்தப் பின்பக்கத்தில்தான் தள்ளுகிறது.

அடைத்துத் திணித்தால் குளிர்காற்று சுற்றாது. நாலில் ஒரு பங்கு காலியாக இருக்க வேண்டும். பால், பச்சை இறைச்சி, சமைத்த சாப்பாடு எதையும் கதவுத் தட்டில் வைக்காதீர்கள். திறக்கத் திறக்க வெளிச்சூடு வாங்கும் இடம் அது. அங்கே ஊறுகாய், தண்ணீர், சாஸ் போதும்.

நடுத்தட்டில் கண்ணுக்கு நேராக ஒரு தட்டத்தை "முதலில் தீர்க்க வேண்டியது" என்று ஒதுக்குங்கள். அரை மூடித் தேங்காய், பாதி வெங்காயம், நேற்றைய பொரியல் எல்லாம் அதில். சமைக்கும் முன் முதலில் கை போக வேண்டியது அந்தத் தட்டுக்குத்தான். அடித்தட்டில் மூலையில் மறந்துபோன டப்பாதான் ஒரு வாரம் கழித்துப் பூசணத்தோடு வெளியே வரும்.

3. சந்தைக்கு வாரம் இரண்டு முறை

கோடை மூன்று மாதத்துக்கு வாரச் சந்தைக் கணக்கை விட்டுவிடுங்கள். உழவர் சந்தையில் காலை ஏழு மணிக்குள், நான்கு நாளுக்கு ஆகும் அளவு மட்டும் வாங்குங்கள். ஒன்பது மணிக்கு மேல் வாங்கும் கீரை அதற்குள்ளேயே பாதி உயிரை விட்டிருக்கும். அதன் மேல் தெளித்த தண்ணீர் பசுமையாகக் காட்டும், ராத்திரிக்குள் அழுக வைக்கும்.

வெங்காயம், உருளை, பூசணி முதலில். தக்காளி, பீன்ஸ் அடுத்து. கீரையும் மல்லித்தழையும் கடைசியில். பாலும் கறியும் வீடு திரும்பும் வழியில். கறிக்கடையிலிருந்து வீட்டுக்கு அரை மணிக்கு மேல் ஆகுமென்றால் உறைந்த பாட்டில் ஒன்றைப் பையில் போட்டு எடுத்துப் போங்கள். 32 டிகிரிக்கு மேல் வெயில் இருக்கும்போது இறைச்சியும் சமைத்த சாப்பாடும் வெளியே தாங்கும் நேரம் இரண்டு மணியிலிருந்து ஒரு மணியாகக் குறைந்துவிடும். வழியில் துணிக்கடைக்குள் நுழைந்துவிட்டு வரலாம் என்ற யோசனை வேண்டாம்.

4. வந்ததும் பிரித்து வையுங்கள்

பொதுவிதி ஒன்றுதான்: கழுவி வைக்காதீர்கள். இலைக்கும் தோலுக்கும் மேல் நிற்கும் ஈரம்தான் அழுகலின் ஆரம்பம். சமைக்கும் நேரத்தில் கழுவிக்கொள்ளலாம்.

சின்ன வெங்காயம்: பல்லடம், தாராபுரம் பக்கம் மூட்டையாகவே வாங்கி வைப்பது வழக்கம். சாக்கோடு வைத்தால் நடுவில் இருப்பது வெந்து அழுகும். நிழலில், காற்றோடும் இடத்தில், மூங்கில் தட்டிலோ துளையுள்ள கூடையிலோ இரண்டு மூன்று அடுக்குக்கு மேல் போகாமல் பரப்புங்கள். வாரம் ஒருமுறை கிளறி, தொட்டால் மெத்தென்று இருப்பதைப் பொறுக்கி அன்றைக்கே சமையலுக்கு எடுங்கள். அட்டாலியில் (பரணில்) வைப்பது பெரிய தப்பு. கான்கிரீட்டுக்கு அடியில் இருக்கும் அட்டாலிதான் வீட்டிலேயே சூடான இடம். உருளைக்கிழங்கோடும் சேர்க்காதீர்கள், ஒன்றின் ஈரமும் வாயுவும் மற்றதைக் கெடுக்கும்.

உருளைக்கு இருட்டு வேண்டும். வெளிச்சம் பட்டால் தோல் பச்சையாகும், அந்தப் பச்சையில் நச்சு இருக்கிறது.

தக்காளி: காயாக இருப்பதைக் காம்புப் பக்கம் கீழே இருக்கும்படி மேடையில் அடுக்குங்கள். காம்புக் குழி வழியாகத்தான் ஈரம் வெளியேறும், பூசணமும் அங்கேதான் பிடிக்கும். நன்றாகப் பழுத்ததும் ஃபிரிட்ஜுக்குப் போகட்டும். ஃபிரிட்ஜில் ருசி குறையும் என்பது உண்மைதான். ஆனால் 38 டிகிரியில் பழுத்த தக்காளியை வெளியே வைத்துக்கொண்டு ருசி பேச முடியாது.

வாழைப்பழம், மாம்பழம், பப்பாளி, தக்காளி நான்கும் எத்திலீன் என்ற வாயுவை விடுபவை. பக்கத்தில் இருக்கும் கீரையும் வெள்ளரியும் அதில் மஞ்சளாகும். தாராக வாங்கினால் சீப்புச் சீப்பாக அறுத்து, எட்ட எட்ட மாட்டுங்கள். கறுத்துப் போன பழத்தைப் பிசைந்து அன்றே பணியாரம் சுட்டுவிடலாம்.

மல்லித்தழை: வேரை வெட்டி, மஞ்சள் இலையைக் கிள்ளி எறிந்துவிட்டு, காய்ந்த துணியில் தளர்வாகச் சுற்றி டப்பாவில் வையுங்கள். மூன்றாம் நாள் துணியைத் தொட்டுப் பாருங்கள். ஈரமாக இருந்தால் மாற்றுங்கள். இந்த ஒரு துணி மாற்றத்தில்தான் நான்கு நாள் தழை பத்து நாள் வருகிறது. கறிவேப்பிலையை உருவி அதேபோல் வைக்கலாம். பச்சை மிளகாயின் காம்பைக் கிள்ளிவிடுங்கள். முருங்கைக்கீரை எந்த வித்தைக்கும் மசியாது, மறுநாளே உதிரும். வாங்கிய அன்றைக்கே சமைக்க முடியாவிட்டால் வாங்காதீர்கள்.

தேங்காய்: உடைத்ததும் கண் இருக்கும் மூடியை முதலில் தீருங்கள், அதுதான் முதலில் வழுவழுக்கும். மற்ற மூடி இரண்டு நாளுக்குள் ஆகாதென்றால் துருவி, ஒரு சமையலுக்கு ஒரு கைப்பிடி என்று சின்னப் பொட்டலமாக ஃப்ரீசரில் போடுங்கள். மொத்தமாக உறைய வைத்தால் ஒவ்வொரு தடவையும் முழுவதையும் இளக்க வேண்டிவரும்.

நாமக்கல் முட்டையும் இந்த வெயிலுக்கு விதிவிலக்கில்லை. வீட்டுக்கு வந்ததும் கழுவாமல் ஃபிரிட்ஜின் உள்தட்டில். வெளியே கிடந்ததில் சந்தேகம் இருந்தால் தண்ணீரில் போடுங்கள். மிதந்தால் அது பழசு.

ஃபிரிட்ஜில் இடம் போதாதவர்களுக்கு இரட்டைச் சட்டி. பெரிய மண்பானைக்குள் சின்ன மண்பானை, இடையில் இரண்டு அங்குலம் ஆற்று மணல், மணலுக்குக் காலையும் பொழுதோடவும் (சாயங்காலமும்) தண்ணீர், மேலே ஈரத்துணி. ஆவி வெளியேற வெளியேற உள்ளே குளிரும். காற்று காய்ந்து கிடக்கும் கரூர், தாராபுரம் பக்கம் இது அருமையாக வேலை செய்யும். வைகாசிக் கடைசியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஈரத்தோடு வரத் தொடங்கியதும் பொள்ளாச்சிப் பக்கம் பலன் குறைந்துவிடும். காய்க்கு மட்டும் இது. பாலும் குழம்பும் இதில் வைக்காதீர்கள்.

5. அளந்து பொங்குங்கள்

200 மில்லி டம்ளர் ஒன்று அரிசி இரண்டு பேருக்குப் போதும். "ஒரம்பரை (விருந்தாளி) வந்தால் என்ன செய்வது" என்று தினமும் ஒரு டம்ளர் கூடப் போடும் பழக்கம் கோடையில் நேரே குப்பைக்குத்தான் போகிறது. வந்தால் சேர்த்து இன்னொரு சின்னக் குக்கர் வைக்க இருபது நிமிடம் போதும்.

குழம்பையும் வெயிலைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். தேங்காய் அரைத்து ஊற்றியதும் பருப்பும் முதலில் கெடும். கடைந்த கொள்ளுப் பருப்பு காலையில் வைத்தால் மதியத்தோடு சரி. புளிக்குழம்பும் ரசமும் கூடுதல் நேரம் தாங்கும், புளிப்பில் கிருமி மெதுவாகத்தான் பெருகும்.

6. ஆற வைப்பது: எல்லாம் இங்கேதான்

5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில் சாப்பாடு இருக்கும் ஒவ்வொரு நிமிடமும் கிருமிக்கு லாபம். வாகான சூட்டில் அது சுமார் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். ஒரே ஒரு கிருமி மூன்று மணி நேரத்தில் ஐநூறைத் தாண்டிவிடும். ஐந்து லிட்டர் குண்டாவில் சாம்பாரை மூடி வைத்தால் நடுப்பகுதி நான்கு மணி நேரம் கழித்தும் வெதுவெதுப்பாகவே இருக்கும். வெளியே இருக்கும் காற்றே 38 என்றால் அது ஆறுவதற்கு இடமே இல்லை.

செய்ய வேண்டிய வரிசை இது.

அ. சாப்பிட உட்காரும் முன்பே ராத்திரிக்கு வேண்டியதைத் தனியாக எடுத்துவிடுங்கள். எல்லாரும் சாப்பிட்டு மிஞ்சியதை எடுப்பதாக இருந்தால் அதற்குள் ஒரு மணி நேரமும், எச்சில் பட்ட நாலு கரண்டியும் ஆகியிருக்கும்.

ஆ. தட்டையான போசியில் இரண்டு அங்குல உயரத்துக்கு மேல் போகாமல் ஊற்றுங்கள். அகலம் கூடினால் சூடு வேகமாக வெளியேறும்.

இ. போசியைத் தண்ணீர் ஊற்றிய தாம்பாளத்தில் வையுங்கள். மதியம் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து குழாயில் வரும் தண்ணீரே கையைச் சுடும், அதை ஊற்றிப் பயனில்லை. ராத்திரி பிடித்து வைத்த தண்ணீரோ போர் தண்ணீரோ ஊற்றி, உறைந்த பாட்டில் ஒன்றைப் பக்கத்தில் போடுங்கள்.

ஈ. வலைமூடி போடுங்கள். இறுக்கமான மூடி இப்போது வேண்டாம். ஆவி மூடியில் முத்து முத்தாகக் கோத்துத் திரும்பச் சாப்பாட்டில் சொட்டும். பொரியல் நசநசவென்று ஆகி முதலில் ஊசுவது இதனால்தான்.

உ. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சுத்தமான காய்ந்த கரண்டியால் கிளறுங்கள். தாம்பாளத் தண்ணீர் சூடானால் ஒருமுறை மாற்றுங்கள்.

ஊ. அரை மணி முதல் முக்கால் மணிக்குள் போசியைத் தொட்டால் சுடாத நிலை வரும். அப்போதே டப்பாவில் மாற்றி, மூடி, டேப்பில் நாளும் நேரமும் எழுதி ஃபிரிட்ஜில் வையுங்கள். முழுக்கச் சில்லென்று ஆகட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

கொதிக்கக் கொதிக்கக் குண்டாவோடு உள்ளே தள்ளுவதும் தப்பு. குழம்பின் நடுப்பகுதி ஆறாது, பக்கத்தில் இருக்கும் பாலும் சூடாகும். சின்ன டப்பாவாக இரண்டு மூன்றில் பிரித்தால் வேண்டியதை மட்டும் எடுத்துச் சுட வைக்கலாம். திரும்பச் சுட வைப்பது ஒரே தடவை, தளதளவென்று கொதிக்கும் வரை. சோறு ஒரு நாள், சாம்பார் இரண்டு நாள், கறிக்குழம்பு இரண்டு மூன்று நாள் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

"கொதிக்க வைத்துவிட்டால் சரியாகிவிடும்" என்பது பாதிதான் உண்மை. சோற்றில் இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்ற நுண்ணுயிரியின் வித்து கொதியிலும் சாகாது. வெளியே கிடக்கும் சோற்றில் அது முளைத்துச் சுரக்கும் நஞ்சைத் திரும்பச் சூடாக்கினாலும் அழிக்க முடியாது. மதியம் முழுக்க மேடையில் கிடந்த சோற்றை ராத்திரி தாளித்து எலுமிச்சைச் சாதமாக்குவது மிச்சம் பிடிப்பதாகத் தோன்றும், வயிற்றைப் பிடிப்பதில்தான் முடியும்.

7. தூக்குப்போசியும் டிபன் பாக்ஸும்

திருப்பூர் பனியன் கம்பெனிக்குக் காலை ஏழரைக்குக் கட்டும் சாப்பாட்டைப் பிரிப்பது ஒரு மணிக்கு. ஐந்தரை மணி நேரம். இரண்டு வழிதான் உண்டு: சூடாகவே வைப்பது, அல்லது முழுக்க ஆற வைத்துக் கட்டுவது. இரண்டுக்கும் நடுவில், வெதுவெதுப்பாக மூடிக் கட்டுவதுதான் கெடுகிறது.

அரிசி பருப்பு சாதம் கட்டுவதாக இருந்தால் ஹாட்பாக்ஸ் மட்டும். முதலில் அதில் கொதிநீர் ஊற்றிப் பத்து நிமிடம் மூடி வைத்து, கொட்டிவிட்டு, ஆவி பறக்கும் சாதத்தை விளிம்பு வரை நிரப்புங்கள். பாதி காலியாக இருந்தால் சூடு நிற்காது.

சாதாரண பாக்ஸுக்குப் புளிச்சாதம் தோது. தாம்பாளத்தில் பரப்பி விசிறிக்கு அடியில் பத்து நிமிடம் ஆற்றிவிட்டுக் கட்டுங்கள். தயிர்ச்சாதத்தைத் தயிரில் பிசையாதீர்கள். குழைய வடித்த ஒரு டம்ளர் சோற்றுக்குக் காய்ச்சி ஆறிய பால் ஒன்றரை டம்ளர், தயிர் ஒரு ஸ்பூன். மதியத்துக்குள் அதுவே தயிராகும், புளிக்காது. தேங்காய்ச் சட்னி வேண்டவே வேண்டாம், பொடியும் நல்லெண்ணெயும் போதும்.

8. மாவு, பால், தயிர்

கிரைண்டர் ஓட ஓட மாவு சூடாகும், கோடையில் அந்தச் சூட்டிலேயே புளிப்பு தொடங்கிவிடும். உளுந்துக்கு ஐஸ் தண்ணீர் தெளித்து அரையுங்கள். அரிசி நான்கு மணி நேரத்துக்கு மேல் ஊற வேண்டாம். ஊறிய தண்ணீரில் நுரை கண்டால் நேரம் தாண்டிவிட்டது.

அரைத்ததும் உப்புப் போட்டுக் கரைத்து, மறுநாளைக்கு வேண்டியதை மட்டும் பாதி அளவுக்கு மேல் போகாத போசியில் வெளியே வையுங்கள். மீதியைப் புளிக்க விடாமல் அப்படியே ஃபிரிட்ஜில் வையுங்கள். மொத்தத்தையும் பொங்க விட்டுப் பிறகு உள்ளே வைப்பதால்தான் மூன்றாம் நாள் தோசை வாயில் வைக்க முடியாமல் புளிக்கிறது. அடுத்தடுத்த நாளுக்குரியதை முந்தின ராத்திரி பத்து மணிக்கு வெளியே எடுங்கள். சில்லிப்பு விட இரண்டு மணி நேரம், பொங்க ஐந்தாறு மணி நேரம். விடியற்காலையில் இட்லிக்குச் சரியாக இருக்கும். புளித்துப்போனதில் ரவையும் அரிசிமாவும் கலந்து பணியாரம் ஊற்றலாம். இளஞ்சிவப்பாகவோ கறுப்பாகவோ திட்டு கண்டால் மேலாக வழித்தெடுக்கப் பார்க்காதீர்கள், மொத்தமாகக் கொட்டுங்கள்.

பால் பாக்கெட் கேட்டில் தொங்கும் ஒவ்வொரு நிமிடமும் கணக்கில் சேரும். எடுத்ததும் காய்ச்சி, தாம்பாளத் தண்ணீரில் ஆற்றி உள்ளே வையுங்கள். நேற்றைய பாலோடு இன்றைய பாலைக் கலக்காதீர்கள்.

அரை லிட்டர் பாலுக்கு உறை அரை டீஸ்பூன் போதும். மூன்று நான்கு மணி நேரத்தில் உறைந்துவிடும். உறைந்த உடனே ஃபிரிட்ஜில் வையுங்கள். ராத்திரி முழுக்க வெளியே விட்டால் காலையில் மோருக்குத்தான் ஆகும்.

9. பழைய சோறு

மிஞ்சும் சோற்றுக்கு வெயில் காலத்தில் இதைவிட நல்ல வழி இல்லை, ஆனால் ராத்திரி புதிதாக வடித்த சோறாக இருக்க வேண்டும். மதியச் சோறு கூடாது. ஆவி அடங்கியதும் மண்சட்டியில் போட்டு, சோற்றுக்கு மேல் இரண்டு விரற்கடை நிற்கும்படி குடிநீர் ஊற்றுங்கள். தண்ணீர் காற்றை மறைக்கும், உள்ளே புளிப்பூட்டும் நுண்ணுயிர்கள் முந்திக்கொள்ளும். ஒன்பது மணிக்கு ஊற்றினால் காலை எட்டு மணிக்குள் மோரும் சின்ன வெங்காயமுமாகக் குடித்து முடியுங்கள். கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் உடம்பு முடியாதவர்களுக்கும் புதுச்சோறே கொடுங்கள்.

10. மளிகை

பருப்பை வெயிலில் காய வைப்பவர்கள் சூட்டோடு டப்பாவில் அடைக்கிறார்கள். உள்ளே வியர்த்துக் கட்டி தட்டும். நிழலில் இரண்டு மணி நேரம் ஆறிய பிறகு அடையுங்கள்.

கம்பு மாவு மட்டும் தனிக் கவனம் கேட்கும். அதில் எண்ணெய்ச் சத்து அதிகம், அரைத்ததும் சிக்கு வாடையும் கசப்பும் சீக்கிரம் ஏறும். கம்பை முழுசாக வைத்துக்கொண்டு, ஒரு வாரத்துக்கு ஆகும் அளவு மட்டும் அரையுங்கள். பூசணம் பிடித்த நிலக்கடலையைப் பொறுக்கி எறிந்துவிடுங்கள். வறுத்தாலும் அந்த நஞ்சு போகாது.

11. கரண்ட் போனால்

மாதாந்திரப் பராமரிப்புக்கு ஒரு பகல் முழுக்க நிறுத்தும் நாளை முன்கூட்டியே பேப்பரில் போடுவார்கள். முந்தின ராத்திரி உறைந்த பாட்டில்களில் இரண்டை நடுத்தட்டில் பால், குழம்புப் பக்கத்தில் வைத்துவிட்டு, கரண்ட் வரும்வரை கதவைத் திறக்காதீர்கள். திறக்காத ஃபிரிட்ஜ் நான்கு மணி நேரம் தாங்கும். நிறைந்த ஃப்ரீசர் இரண்டு நாள், பாதி நிறைந்தது ஒரு நாள். நான்கு மணி நேரத்தைத் தாண்டியிருந்தால் கரண்ட் வந்ததும் தெர்மாமீட்டரைப் பாருங்கள். 5-க்கு மேல் ஏறி இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆன கறி, பால், சோறு மூன்றையும் விட்டுவிடுங்கள். காய்க்கும் ஊறுகாய்க்கும் ஒன்றும் ஆகாது.

12. கெட்டதை என்ன செய்வது

நூல் விடுவது, நுரைப்பது, வழுவழுப்பது, புளிக்கக் கூடாதது புளிப்பது: இதில் ஒன்று இருந்தாலும் வாயில் வைத்துப் பார்க்காதீர்கள். எந்த அறிகுறியும் காட்டாமலும் கெட்டிருக்கும், அதற்குத்தான் டேப்பில் நேரம் எழுதியது.

"மாட்டுக்கு ஊற்றிவிட்டால் வீணாகாது" என்று குண்டாச் சோற்றையும் கழனித்தண்ணித் தொட்டியில் கொட்டும் பழக்கம் ஆபத்தானது. விருந்து வீட்டுச் சோறு ஒரேயடியாகப் போனால் மாட்டின் வயிற்றில் அமிலம் கூடி, தீவனம் எடுக்காமல் படுத்து, உயிருக்கே வினையாகும். ஓரிரு கைப்பிடி நல்ல சோறு என்றால் தவிட்டோடு கலந்து வைக்கலாம், ஊசியதும் பூசணம் பிடித்ததும் குப்பைக் குழிக்கு. காய்த்தோல், கீரைத்தண்டு, பூசணிக் குடல் இவற்றைத் தாராளமாகப் போடலாம். பச்சை படிந்த உருளைத் தோலையும் முளையையும் மட்டும் தனியாக எடுத்துவிடுங்கள்.